வயலுக்குக் காப்புறுதியா, மழைமானிக்கா? புதிய காப்புறுதித் தொழில்நுட்பங்களும் திருகோணமலைப் பத்திரதாரரும்

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கடந்தபோது மூதூரிலும் வெருகலிலும் ஏறிய வெள்ளம் அங்கே பெய்த மழையால் மட்டும் வந்ததல்ல. மலைநாட்டில் கொட்டியதும் மகாவலி வழியே இறங்கி வந்தது. மாவிலாற்று அணைக்கட்டு உடைந்ததும் தண்ணீர் ஊருக்குள் பாய்ந்தது. 335 கிலோமீட்டர் ஓடிவந்து கொட்டியாரக் குடாவில் கலக்கும் ஆற்றின் கடைக்கோடியில் இருப்பவர்களுக்கு இது புதிதல்ல.

ஆனால் காப்புறுதியில் இந்தப் புவியியல் திடீரென்று பணப் பிரச்சினையாகிறது. "திருகோணமலை வானிலை நிலையத்தில் இத்தனை மில்லிமீட்டர் மழை பதிவானால் இழப்பீடு" என்று எழுதப்பட்ட ஒரு பத்திரத்தை வெருகல் விவசாயி ஒருவர் வாங்கியிருந்தால், கழுத்தளவு தண்ணீரில் நின்றாலும் மலையில் பெய்த மழை அவர் கணக்கில் வராது.

செயலி, செயற்கை நுண்ணறிவு, செய்மதித் தரவு என்று காப்புறுதிக்குள் வரும் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் மாற்றம் இதுதான். முன்பு "உனக்கு எவ்வளவு நட்டம்?" என்பது கேள்வி. இப்போது "எந்த அளவீடு பேசப்போகிறது, அது யார் கையில் இருக்கிறது?" என்பதே கேள்வி. இலங்கையின் காப்புறுதிச் சட்டங்கள் பெரும்பாலும் பழைய கேள்விக்காக எழுதப்பட்டவை.

## பழைய முறை, இரண்டு வரியில்

பலர் சிறுதொகை கட்டி ஒரு பொதுப் பணப்பை சேர்க்கிறார்கள். நட்டப்பட்ட சிலருக்கு அதிலிருந்து பணம் போகிறது. கட்டும் தொகை கட்டுப்பணம், ஒப்பந்தம் பத்திரம், வாங்கியவர் பத்திரதாரர்.

பொதுக் காப்புறுதியின், அதாவது ஆயுள் அல்லாத காப்புறுதியின், அடிப்படை விதி, நட்டத்துக்கு மேல் ஒரு சதமும் கிடையாது என்பது. நட்டம் எவ்வளவு என்று சொல்ல ஒரு மனிதர் வருவார். நம் பேச்சில் அசெஸர். அவர் தாமதமாக வருவார், குறைத்து எழுதுவார், சிலவேளை வரவே மாட்டார். ஆனால் அவரோடு வாதாட முடியும். "இதையும் பாருங்கள்" என்று கையைப் பிடித்துக் காட்ட முடியும். புதிய தொழில்நுட்பங்கள் அகற்றுவது முதலில் அவரைத்தான்.

## எங்கெல்லாம் இயந்திரம் நுழைந்திருக்கிறது

1. இழப்பீடு தீர்மானிக்கும் இடம்: மழை அளவு, காற்று வேகம், செய்மதிப் படம் ஆகியவற்றை வைத்துப் பணம் விடுவிக்கும் சுட்டெண் காப்புறுதி.
2. சேதம் மதிப்பிடும் இடம்: போனில் எடுத்த படத்தைப் பார்த்து மென்பொருள் தொகை சொல்வது.
3. விலை வைக்கும் இடம்: வாகனம் ஓட்டும் பழக்கம், வீட்டின் வெள்ள அபாயப் புள்ளி போன்ற தரவுகளால் ஆளுக்கு ஆள் கட்டுப்பணம் மாறுவது.
4. விற்கும் இடம்: ரீலோட் பணத்திலிருந்து நாளாந்தம் வெட்டுப்படும் சிறு காப்புறுதிகள்.

இந்த நான்கில் திருகோணமலை மாவட்டத்தைப் போன்ற வயலும் கடலும் சார்ந்த இடத்துக்கு முதலாவதுதான் முக்கியம். அதற்கே இங்கே அதிக இடம்.

## சுட்டெண் காப்புறுதி எப்படி வேலை செய்கிறது

இதில் உங்கள் வயலை யாரும் வந்து பார்ப்பதில்லை. பத்திரத்தில் ஓர் அளவீடும் ஓர் எல்லையும் இருக்கும். எல்லை தாண்டினால் பணம், தாண்டாவிட்டால் இல்லை. இலங்கையில் சணச காப்புறுதி நிறுவனம் வானிலைச் சுட்டெண் காப்புறுதியை விவசாயிகளிடம் கொண்டுபோய்ப் பல ஆண்டுகளாகிவிட்டன. எனவே இது வெளிநாட்டுப் புதினம் என்று ஒதுக்க முடியாது.

புரிவதற்காக ஒரு கற்பனைப் பத்திரம். தம்பலகாமத்தில் பெரும்போகம் செய்யும் ஒருவர் 1,00,000 ரூபாய்க்குக் காப்புறுதி எடுக்கிறார். குறித்த நிலையத்தில் தொடர்ந்து 3 நாட்களில் 250 மில்லிமீட்டருக்கு மேல் மழை பதிவானால் பாதித் தொகை, 400ஐத் தாண்டினால் முழுத்தொகை. மழை முடிந்ததும் கணக்கு 253 என்று வந்தால் அவர் கணக்கில் 50,000 ரூபாய் விழும். 247 என்று வந்தால் ஒன்றுமில்லை. ஆறு மில்லிமீட்டர் வித்தியாசம், அதாவது ஒரு தூறல், பாதிக் காப்புத்தொகையைத் தீர்மானிக்கிறது. அவருடைய நெல் அழுகியதா இல்லையா என்பது இரண்டு நிலையிலும் கேட்கப்படவே இல்லை.

நன்மை உண்மையானது. அசெஸர் வர வேண்டியதில்லை, கச்சேரிக்கும் கமநல சேவை நிலையத்துக்கும் அலைய வேண்டியதில்லை, பணம் விதைநெல் வாங்கும் காலத்துக்குள் வந்துவிடலாம். நிர்வாகச் செலவு குறைவதால், ஒரு ஏக்கர் காரருக்கும் காப்புறுதி விற்பது நிறுவனத்துக்குக் கட்டுப்படியாகிறது. பழைய முறையில் அவரை யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

குறைபாட்டுக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் உண்டு, தமிழில் "அடிப்படை இடர்" என்கிறார்கள். பெயரை விட்டுப் பொருளைப் பிடித்தால் போதும்: அளவுமானிக்கும் வயலுக்கும் இடையிலுள்ள இடைவெளி. அது நம் பகுதியில் மூன்று விதமாக வரும்.

1. தூரத்தால் வருவது. திருகோணமலை நகரத்திலிருந்து கந்தளாய் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். வடகீழ்ப் பருவமழையில் நிலாவெளியில் கொட்டி, கந்தளாயில் மேகம் மட்டும் நிற்கும் நாட்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஒரு நிலையத்தின் மழைமானி மாவட்டம் முழுவதற்கும் பேச முடியாது.

2. ஆற்றால் வருவது. மேலே சொன்ன மகாவலிக் கதை. வெள்ளத்துக்கான பத்திரத்தில் உள்ளூர் மழையை அளவீடாக வைப்பது ஆற்றின் கடைமடைக்குப் பொருந்தாது. ஆற்று நீர்மட்டம் அல்லது மேல்நிலப் பகுதியின் மழை சேர்க்கப்பட வேண்டும்.

3. பயிர்க் காலத்தால் வருவது. விதைப்பு எப்போது என்பதை நாட்காட்டி முடிவு செய்வதில்லை, குளத்து நீரும் பயிர்ச்செய்கைக் கூட்டமும் முடிவு செய்கின்றன. மூன்று மாத நெல்லா மூன்றரை மாத நெல்லா என்பதும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். பத்திரத்தில் "பூக்கும் காலம்" என்று குறித்த தேதிகள் உங்கள் வயலின் பூக்கும் காலமாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

மூன்றாவதைச் சிறு விடயம் என்று நினைப்பவர்களுக்கு மலாவி ஓர் உதாரணம். 2015-16 பருவ வறட்சிக்கு எதிராக அந்த நாட்டு அரசு ஆபிரிக்க இடர்த் திறன் அமைப்பிடம் காப்புறுதி எடுத்திருந்தது. நாடே பட்டினியை எதிர்நோக்கியபோது பயிர் இழப்பைக் கணிக்கும் கணினி மாதிரி (மொடல்) "இழப்பீடு தேவையில்லை" என்றது. தோண்டிப் பார்த்தபோது, விவசாயிகள் குறுகிய காலச் சோளம் விதைத்திருந்தார்கள், மாதிரி நீண்ட காலச் சோளத்தை நினைத்துக்கொண்டிருந்தது. திருத்திக் கணக்கிட்டு 81 இலட்சம் டொலர் கொடுக்க 2017 ஆகிவிட்டது. அங்கே வாதாடியது ஓர் அரசாங்கம். ஈச்சிலம்பற்றில் ஒரு ஏக்கர் வைத்திருப்பவர் யாரோடு போய் வாதாடுவார்?

எல்லை வைக்கும் இடம் எவ்வளவு முக்கியம் என்பதை ஜமேக்கா காட்டியது. 2024 ஜூலையில் பெரில் சூறாவளி அந்தத் தீவைச் சேதப்படுத்தியும் 15 கோடி டொலர் பெறுமதியான பேரிடர்ப் பிணைமுறி (எல்லை தாண்டினால் முதலீட்டாளர் போட்ட பணம் இழப்பீடாகும் ஏற்பாடு) ஒரு சதமும் தரவில்லை. வரைபடத்தில் குறித்த கட்டங்களில் காற்றமுக்கம் (குறையக் குறையப் புயல் வலுவானது) ஒப்பந்த எல்லைக்குக் கீழே இறங்கவில்லை. 2025 ஒக்டோபரில் மெலிசா வந்தபோது அதே எல்லை தாண்டப்பட்டு முழுத்தொகையும் கிடைத்தது. இரண்டு தடவையும் ஒப்பந்தம் சரியாகத்தான் வேலை செய்தது, எரிச்சலூட்டும் விடயமே அதுதான்.

மறுபக்கமும் உண்டு. 2020 டிசம்பர் 2 இரவு புரெவி புயல் நம் மாவட்டத்தின் வடக்கே, திரியாய் குச்சவெளிப் பக்கம் கரையைக் கடந்தது. அஞ்சிய அளவுக்கு அழிவில்லை. புயலின் பாதையை வைத்து எழுதிய ஒரு பத்திரம் அன்று இருந்திருந்தால், ஓடு பறக்காத வீட்டுக்காரருக்கும் பணம் வந்திருக்கும். யாரும் முறைப்பாடு செய்திருக்க மாட்டார்கள்!

### செய்மதி வந்தால் சரியாகுமா?

ஓரளவு. 1981 முதல் தரவு தரும் சேர்ப்ஸ் என்ற மழைத் தரவுத்தொகுதி ஏறக்குறைய 5 கிலோமீட்டர் கட்டங்களாக மழையைக் கணிக்கிறது. மழைமானி இல்லாத ஊருக்கும் ஓர் எண் கிடைக்கும். ஆனால் அது கணிப்பு, நேரடி அளவீடல்ல.

வெள்ளத்துக்கு ரேடார் செய்மதிகள் பயன்படுகின்றன. ஐரோப்பாவின் சென்டினல்-1 மேகத்தை ஊடுருவிப் பார்க்கும். ஒரு செய்மதி அதே பாதைக்குத் திரும்ப 12 நாட்கள் எடுக்கும் என்பதால், இரண்டு நாள் நின்று வடிந்த வெள்ளத்தை அது பார்க்காமலேயே போகலாம். இன்னொரு சிக்கல் நம் வயல்களுக்கே உரியது. பெரும்போகத்தின் தொடக்கத்தில் நெல்வயல் தண்ணீரோடுதான் இருக்கும். ரேடாருக்கு நீர் கட்டிய வயலும் வெள்ளம் ஏறிய வயலும் ஒரே கருப்பாகத் தெரியும். முன்னைய படங்களோடு ஒப்பிட்டுப் பிரிக்க முறைகள் இருக்கின்றன; உங்கள் நிறுவனம் அவற்றைப் பயன்படுத்துகிறதா என்பது வேறு கேள்வி.

## படம் எடுத்து அனுப்பினால் பணம்

சந்தியொன்றில் ஓர் ஓட்டோ இடிபடுகிறது என்று வைத்துக்கொள்வோம். சாரதி போனில் நான்கு படம் எடுத்துச் செயலியில் ஏற்றுகிறார். மென்பொருள் நெளிந்த தகரத்தை அடையாளம் கண்டு, உதிரிப்பாக விலைப்பட்டியலோடு ஒப்பிட்டு ஒரு தொகையை நீட்டுகிறது. "சம்மதம்" என்ற பொத்தான் பச்சை நிறத்தில் பெரிதாக இருக்கும்.

சிறு கீறலுக்கு இது வசதிதான். பிரச்சினை படத்தில் தெரியாதவற்றில். முன் ஃபோர்க் வளைந்ததும் சேஸியில் விரிசல் விட்டதும் கராஜில் கழற்றிய பிறகே தெரியும். கடற்கரை ஊர்களில் இன்னொன்று: உப்புக்காற்றில் துருப்பிடித்த தகரத்தை "முன்பே இருந்த சேதம்" என்று மென்பொருள் கழிக்க இடமுண்டு. மேலும், வாகனம் லீசிங்கில் இருந்தால் புல் இன்சூரன்ஸ் கட்டாயம் என்று நிபந்தனை இருக்கும். சாரதி நாளைக்கே ஓட வேண்டும், தவணை கட்ட வேண்டும். அவசரத்தில் பொத்தானை அழுத்தினால், "முழுமையும் இறுதியுமான தீர்வு" என்ற வரிக்கும் சேர்த்தே சம்மதித்ததாகிவிடும். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டத்தின்படி மின்வழி ஒப்புதலுக்குச் சட்டப் பெறுமதி உண்டு. போனில்தானே அழுத்தினேன் என்பது வாதமாகாது.

படத்தையும் தாண்டி முகத்தைப் படிக்கப் போனவர்களும் இருக்கிறார்கள். 2021 மே மாதம் லெமனேட் என்ற அமெரிக்க நிறுவனம், கோரிக்கையாளர்கள் அனுப்பும் காணொளியில் பேச்சுக்கு அப்பாலான குறிப்புகளையும் தன் செயற்கை நுண்ணறிவு ஆராய்வதாக டுவிட்டரில் பெருமைப்பட்டது. எதிர்ப்பு வந்ததும் பதிவை நீக்கி, தோற்றத்தை வைத்து யாரையும் மறுப்பதில்லை என்று விளக்கம் சொன்னது.

## ஆளுக்கு ஒரு விலை

காப்புறுதி என்பது பொதுப் பணப்பை என்றோம். அதில் ஓர்ஸ்ஹில் மேட்டில் இருப்பவரும் உப்புவெளிக் கரையில் இருப்பவரும் ஒரே தொகை கட்டினால், மேட்டுக்காரர் கரைக்காரருக்காகக் கொஞ்சம் கூடக் கட்டுகிறார். ஒவ்வொரு வீட்டின் உயரத்தையும் கடலிலிருந்து உள்ள தூரத்தையும் செய்மதி வரைபடத்தில் எடுத்து விலை வைத்தால் மேட்டுக்காரருக்குக் குறையும், கரைக்காரருக்குக் கூடும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு எந்த வளவு எந்தப் பக்கம் என்று இந்தக் கரையில் யாருக்கும் வரைபடம் தேவையில்லை. நியாயம்போல் தோன்றும் இந்த விலை ஒரு கட்டத்துக்கு மேல் போனால், காப்புறுதி அதிகம் தேவைப்படுபவருக்கே அது எட்டாமல் போகும். பணப்பை துண்டுதுண்டாகும். எவ்வளவு நுணுக்கமாக விலை வைக்கலாம் என்பதை நிறுவனங்களின் கணக்குக்கு மட்டும் விட்டுவிடக் கூடாது என்பது என் கருத்து.

வாகனத்தில் இது ஓட்டும் பழக்கம் என்ற பெயரில் வருகிறது. ஒழுங்காக ஓட்டினால் கழிவு. தரவு வேறெங்கும் போகாதவரை நல்லது. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டர்ஸ் தன் கார்களின் ஓட்டத் தரவைத் தரவுத் தரகர்களுக்குக் கொடுத்ததும், அதனால் சிலருக்குக் கட்டுப்பணம் ஏறியதும் 2024இல் வெளியானது. அத்தகைய பகிர்வுக்கு 5 ஆண்டுத் தடை விதிக்கும் உத்தரவை அந்நாட்டு வர்த்தக ஆணையம் 2025 ஜனவரியில் அறிவித்தது. பிரித்தானியாவோ, பழைய வாடிக்கையாளரிடம் புதியவரைவிடக் கூடுதலாக வாங்கும் தந்திரத்தை வீட்டு, வாகனக் காப்புறுதிகளில் 2022 ஜனவரி 1 முதல் தடைசெய்தது. யார் நிறுவனம் மாற மாட்டார் என்பதைத் தரவை வைத்துக் கணித்தே அந்த விலை ஏற்றப்பட்டது.

நான்காவதான ரீலோட் காப்புறுதியில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: மீதிப்பணம் இல்லாத நாளில் வெட்டு நடக்காது. எத்தனை நாள் வெட்டு தவறினால் காப்பு குறையும் அல்லது நிற்கும் என்பதைக் கேட்டு வையுங்கள். கடலுக்குப் போய் போன் அணைந்திருக்கும் நாட்களும் இதில் அடங்கும்.

## சட்டம் எதைப் பார்க்கிறது

இலங்கையில் அடிப்படைச் சட்டம் 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் காப்புறுதிக் கைத்தொழில் ஒழுங்குபடுத்தல் சட்டம். 2011 திருத்தம் ஆயுள், பொதுக் காப்புறுதிகளை வெவ்வேறு கம்பனிகளாகப் பிரிக்கச் சொன்னது. அதன் கீழ் இருந்த காப்புறுதிச் சபை, 2017 திருத்தத்தோடு இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு என்ற பெயர் பெற்றது. 2016 முதல் நிறுவனங்கள் தம் இடர்களுக்கு ஏற்ற மூலதனம் வைத்திருக்க வேண்டும் என்ற முறை நடைமுறையில் இருக்கிறது.

இவை கேட்பது "பணம் கொடுக்க நிறுவனத்திடம் வசதி இருக்கிறதா?" என்பதைத்தான். முக்கியமான கேள்வி, மறுப்பில்லை. ஆனால் 250 மில்லிமீட்டர் எல்லை உங்கள் ஊருக்குப் பொருந்துமா, படம் பார்க்கும் மென்பொருள் துருவையும் இடியையும் பிரித்தறியுமா என்பவற்றுக்கு மூலதன விதி பதில் சொல்லாது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் 2021இலேயே, வெளித் தரவுகளையும் கணிப்பு மென்பொருளையும் பயன்படுத்தும் காப்புறுதி நிறுவனங்கள் அவற்றால் பாரபட்சம் வராமல் பார்க்க வேண்டும் என்று சட்டம் இயற்றியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024 செயற்கை நுண்ணறிவுச் சட்டம், ஆயுள், சுகாதாரக் காப்புறுதியில் இடர் மதிப்பிட்டு விலை வைக்கும் மென்பொருளை உயர் அபாய வகையில் வைத்திருக்கிறது. பயிர்ச் சுட்டெண்ணை அந்தப் பட்டியல் தொடவில்லை. பணக்கார நாடுகளின் கவலை வேறு!

நம் நாட்டில் இதற்கு மிக நெருக்கமாக வருவது 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம். முழுக்க இயந்திரம் எடுத்த முடிவை மீளாய்வு செய்யக் கோரும் உரிமையை அது எழுதி வைத்திருக்கிறது. ஆனால் அந்த முடிவு மீளமுடியாத, தொடர்ச்சியான பாதிப்பை ஏற்படுத்துவதாக அல்லது ஏற்படுத்தக்கூடியதாக இருக்க வேண்டும் என்று நிபந்தனையும் போட்டிருக்கிறது. ஓட்டோவின் ஒரு கிளெய்ம் அந்த வாசலைத் தாண்டுமா என்பது சந்தேகம். சட்டத்தின் முக்கிய பகுதிகள் நடைமுறைக்கு வருவதும் தள்ளிப்போனது.

இன்னொரு குழப்பம், எல்லாக் காப்புறுதியும் ஒரே கூரையின் கீழ் இல்லை. அரச ஊழியர்களின் அக்ரஹார மருத்துவக் காப்புறுதி 2006ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் பொறுப்பு. அரசின் பயிர்க் காப்புறுதி 1999ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி இயங்கும் கமத்தொழில், கமநலக் காப்புறுதிச் சபையின் பொறுப்பு. முறைப்பாட்டை எங்கே கொடுப்பது என்பது பத்திரத்தின் தலைப்பில் யார் பெயர் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

## கையெழுத்திடும் முன் கேட்க வேண்டியவை

1. பணம் நட்டத்தைப் பார்த்தா, சுட்டெண்ணைப் பார்த்தா? இரண்டாவதென்றால் எந்த நிலையம் அல்லது எந்தத் தரவுத்தொகுதி, என்ன எல்லை, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை?
2. கடந்த பத்து, இருபது ஆண்டுகளில் இதே எல்லை எத்தனை தடவை தாண்டப்பட்டிருக்கும்? விலை வைக்க நிறுவனம் இந்தக் கணக்கைப் போட்டே இருக்கும். டித்வாக் காலத்துக்கு என்ன விடை வருகிறது என்று தனியாகக் கேளுங்கள்.
3. நிலையம் பழுதானால் மாற்றுத் தரவு எது?
4. தமிழில் எழுத்து வடிவில் தர முடியுமா? முகவர் வாயால் சொன்னது பத்திரத்தில் இல்லையென்றால் இல்லைதான்.

ஆயுள் காப்புறுதியென்றால், பத்திரம் கைக்கு வந்தபின் குறித்த நாட்களுக்குள் திருப்பிக் கொடுக்கும் வசதியும் உண்டு. நாட்கணக்கு பத்திரத்தில் இருக்கும்.

## மறுக்கப்பட்டால்

முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் முறைப்பாடு. "கணினி அப்படிச் சொல்கிறது" என்பதைக் காரணமாக ஏற்காமல், எந்தத் தரவு, எந்த நேரத்துப் பதிவு என்று கேட்க வேண்டும். தீராவிட்டால் காப்புறுதிக் குறைகேள் அதிகாரியிடம் போகலாம். 2005 முதல் இயங்கும் இந்த ஏற்பாட்டில் முறைப்பாட்டாளருக்குக் கட்டணம் இல்லை. காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கும் எழுதலாம்.

சுட்டெண் பத்திரத்தில் வெள்ளத்தில் நிற்கும் வயலின் படம் பெரிதாக உதவாது. அங்கே பேசுவது அளவீடு மட்டுமே என்பதால், நீங்களும் அளவீட்டோடுதான் போக வேண்டும். வளிமண்டலவியல் திணைக்களத்திடம் குறித்த நிலையத்தின் குறித்த நாட்களுக்குரிய மழைப்பதிவைக் கேட்டுப் பெற்று, நிறுவனம் சொன்ன எண்ணோடு ஒப்பிடுங்கள். பயிர்க் காப்புறுதிச் சபை, நம்பிக்கை நிதியம் போன்ற அரச அமைப்புகளானால் கூடுதல் வழி ஒன்று இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இழப்பீட்டைக் கணித்த முறையையே கேட்கலாம். கொடுப்பதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் சொல்ல வேண்டும். தனியார் நிறுவனத்திடம் அந்தச் சட்டத்தைக் காட்டிக் கேட்க முடியாது. அங்கே கையில் இருப்பது பத்திரம் மட்டும்தான். எந்த நிலையம், என்ன எல்லை என்பது அதில் எழுதப்படாமல் "நிறுவனம் தீர்மானிக்கும் தரவு" என்று மட்டும் இருந்தால், வாங்காமல் விடுவதே நல்லது.